நான்கு மணிக்குப் பிறகு

வெனிஸ் நகரில் கூட்டம் எந்த வழியாகப் போகும் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் தெருமுனைகளில் மஞ்சள் பலகைகள் தென்படும். ரியால்தோவுக்கு இப்படி, சான் மார்க்கோவுக்கு இப்படி என்று அம்புக்குறி காட்டும். சில முனைகளில் இரண்டு பக்கமும் அம்பு இருக்கும். எப்படிப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். வெளியூரிலிருந்து வருகிற பெருங்கூட்டம் இந்தப் பலகைகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. ஸ்த்ராதா நோவா என்ற அகலத் தெரு, ரியால்தோ பாலத்தடி, மெர்ச்சேரியே கடைத்தெரு, கடைசியில் சான் மார்க்கோ சதுக்கம். பகல் பதினோரு மணிக்கு இந்தத் தடத்தில் தோள் உரசாமல் நடக்க முடியாது. பாலத்துப் படியில் ஒருவர் படம் எடுக்க நின்றால் அவருக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

அதே நேரத்தில் ஸ்த்ராதா நோவாவிலிருந்து வடக்கே திரும்பி, கன்னரேஜோ பகுதிக்குள் இணையாக ஓடும் மூன்று கால்வாய்களைத் தாண்டிப் பாருங்கள். மூன்றாவது கால்வாயின் கரையில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. எதிரெதிர் வீடுகளின் ஜன்னல்களுக்கிடையே கப்பியில் ஓடும் கயிற்றில் துணி காய்கிறது. காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நிற்கிறார். கரையை ஒட்டிச் செங்கல் முகப்போடு மதோன்னா தெல்லோர்த்தோ ஆலயம். ஓவியர் திந்தொரெத்தோ வாழ்ந்த வீடு இங்கிருந்து கூப்பிடு தூரம். அவரை அடக்கம் செய்ததும் இந்த ஆலயத்துக்குள்தான். பீடத்தின் இரு பக்கமும் அவர் வரைந்த இறுதித் தீர்ப்பும் பொற்கன்று வழிபாடும் 14 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம். யாரும் இடிக்க மாட்டார்கள். பக்கச் சிற்றாலயம் ஒன்றில் ஜொவான்னி பெல்லினியின் சிறிய மாதா படம் இருந்தது. 1993இல் திருடு போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது அதன் புகைப்படம்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் புகைப்படத்தின் முன்னும் நிற்கத் தோன்றும். தாங்கள் இழந்ததை மறைக்காமல் வைத்திருக்கிற ஊரின் மீது மரியாதை வருகிறது.

இத்தாலியின் புகழ்பெற்ற நகரங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஐயோ, அங்கே ஒரே கூட்டம்" என்ற பதில் வந்துவிடுகிறது. போய் வந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் நகரம் முழுக்க, நாள் முழுக்க அந்தக் கூட்டம் இல்லை என்பதும் உண்மை. அதற்கு ஒரு தடம் உண்டு, சில மணி நேரங்கள் உண்டு. காலை உணவு முடித்துப் பேருந்திலோ ரயிலிலோ கப்பலிலோ வந்து இறங்கி, பார்த்தாக வேண்டியதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் புறப்படுகிறவர்களால் ஆனது அது. அவசரம்தான் அதன் உயிர். அந்த அவசரத்திலிருந்து விலகிக்கொண்டால் போதும், மனிதர்களிடமிருந்து விலக வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன்.

வெனிஸ் நகராட்சியே இந்த மணிக்கணக்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 25 முதல், பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். அந்த ஆண்டு 29 நாள்கள், அடுத்த ஆண்டு 54 நாள்கள். 2025 முதல், கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. கட்டணம் வசூலாகும் நேரம் காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை. நான்கு மணிக்கு மேல் வந்தால் கட்டணம் இல்லை. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கும் இல்லை. அவர்கள் விடுதியிலேயே தனி வரி கட்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், பயணிக்கு அதில் ஒரு நல்ல வழிகாட்டல் இருக்கிறது. நான்கு மணிக்குப் பிறகு வா, இரவு தங்கு, காலை எட்டரைக்குள் எழுந்து நட என்று ஊரே சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

விடியற்காலையில் சான் மார்க்கோ பக்கம் நடந்தவர்களுக்கு வேறொரு வெனிஸ் தெரியும். மோட்டார் வண்டி எதுவும் ஓடாத ஊர் என்பதால் எல்லாச் சரக்கும் படகில் வருகிறது. தண்ணீர்ப் புட்டிகள், ஓட்டல்களுக்கான வெளுத்த துணி மூட்டைகள், மீன், செங்கல், குளிர்பதனப் பெட்டி எல்லாம் கரையில் இறங்கும். அங்கிருந்து தள்ளுவண்டி. அந்த வண்டியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். நடுவில் இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் இரண்டு சின்னச் சக்கரங்கள். பாலத்துப் படி வந்ததும் சின்னச் சக்கரங்களை மேல்படியில் ஊன்றி, உடம்பைச் சாய்த்து, பெரிய சக்கரங்களை மேலே ஏற்றுகிறார் தொழிலாளி. இப்படி ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு பாலமாக. பகல் கூட்டத்துக்கு நடுவே இதே ஆள் வழி கேட்டுக் கத்திக்கொண்டு போகும்போது நமக்கு அவர் இடைஞ்சலாகத் தெரிவார். காலையில் பார்க்கும்போதுதான் இந்த ஊர் இவர் தோளில் நிற்கிறது என்பது புரிகிறது.

சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் சான் ஸக்கரீயா ஆலயம் இருக்கிறது. சதுக்கத்தில் நிற்கிற ஆயிரக்கணக்கானவர்களில் மிகச் சிலரே இங்கே வருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் இரண்டாவது பீடத்தில் பெல்லினி 1505இல் வரைந்த மாதா. அப்போது அவர் எழுபது வயதை ஒட்டியவர். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் மறு வருடம் வெனிஸிலிருந்து எழுதிய கடிதத்தில், கிழவராகிவிட்டாலும் இன்றும் ஓவியத்தில் இவரே முதல்வர் என்ற பொருள்பட எழுதினார். நெப்போலியனின் ஆட்கள் பாரிசுக்குத் தூக்கிச் சென்று, அவர் வீழ்ந்த பிறகு திரும்பி வந்த படம் இது.

ஆலயம் அரையிருட்டில் இருக்கும். சுவரோரப் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். விளக்கு எரிந்ததும் முதலில் தெரிவது சிவப்பு, புனித எரோணிமுசின் மேலங்கி. அவர் கனத்த புத்தகம் ஒன்றில் மூழ்கியிருக்கிறார். எதிர்ப்பக்கம் பேதுரு. நடுவே பெண் புனிதர்கள் கத்தரீனாவும் லூசியாவும். மாதாவின் காலடியில் ஒரு தேவதூதர் நரம்பிசைக் கருவியை மீட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவரும் ஒருவரை நோக்கவில்லை, ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் அந்த இசையைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படும். பீடத்தின் உண்மையான கல்தூண்கள் படத்துக்குள்ளும் தொடர்கின்றன. கல் எங்கே முடிந்து வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். படத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய பிளவாக வானமும் மரமும் தெரிகின்றன. படத்திலுள்ள மண்டபத்துக்குள் வெளிக்காற்று வந்து போகிற உணர்வு அதனால்தான். விளக்கு அணைந்த பிறகு உடனே நகர்ந்துவிடக் கூடாது. கண் பழகியதும், ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் படம் இன்னும் நன்றாகத் தெரியத் தொடங்கும். பெல்லினி வரைந்தது அந்த வெளிச்சத்துக்குத்தான்.

ரியால்தோ பாலத்தின் நெரிசலுக்குப் பக்கத்திலும் இப்படியொரு இடம் உண்டு. ஒரு சந்தின் வழியாகப் புகுந்தால் கோர்த்தே தெல் மிலியோன் என்ற முற்றம். மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பழைய பைசாந்திய வளைவு ஒன்று சுவரில் பதிந்து மிச்சமிருக்கிறது. காயல் துறைமுகத்தையும் நம் கடற்கரையின் முத்துக்குளிப்பையும் ஐரோப்பாவுக்கு விவரித்தவன் நடந்த முற்றம். தமிழ் தெரிந்தவர்கள் அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றால் தவறில்லை.

ரோமுக்கு வருவோம். கூட்டத்தைப் பற்றி ரோமில் குறைப்பட்டுக்கொள்வது சரியாகப் படவில்லை எனக்கு. அந்த நகரம் கூட்டத்துக்காகவே தன்னைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டது. 1300இல் போப் எட்டாம் போனிஃபாஸ் முதல் யூபிலி எனும் புனித ஆண்டை அறிவித்தபோது ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் நடந்தே வந்தார்கள். தேவதூதர் பாலத்தில் போகிறவர்களுக்கு ஒரு பக்கம், வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் என்று வழி பிரித்துவிட்டிருந்ததை தாந்தே தன் நரகக் காண்டத்தில் குறிப்பிடுகிறார். 1450 யூபிலியில் அதே பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு பாலத்து வாயிலில் இருந்த கட்டடங்களை இடித்து இடத்தை அகலமாக்கினார்கள். இன்று நாம் நின்று ரசிக்கிற பல திறந்த வெளிகளும் நேர்த்தெருக்களும் யாத்ரீகர்களை நெரிசலில்லாமல் நடத்திச் செல்ல உருவானவை. 2025ஆம் ஆண்டும் யூபிலிதான்.

அந்த யாத்ரீகர்களின் உருவத்தை நவோனா சதுக்கத்துக்கு அருகே புனித அகுஸ்தினார் ஆலயத்தில் பார்க்கலாம். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சான் லூயிஜி ஆலயத்தில் காரவாஜியோ வரைந்த மத்தேயு படங்கள் மூன்றும் இருப்பதால் அங்கே எப்போதும் ஆள் இருக்கும். இங்கே அவருடைய படம் ஒன்றுதான், இடப்பக்க முதல் சிற்றாலயத்தில். அதனாலோ என்னவோ கூட்டம் குறைவு. மாதா வீட்டு வாசலில் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். நிலைப்படிக்குப் பக்கத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. எதிரே மண்டியிட்டிருக்கிறார்கள் இரண்டு ஏழை யாத்ரீகர்கள், ஒரு ஆண், ஒரு கிழவி. அவள் தலைத்துணி கிழிந்து அழுக்கேறியிருக்கிறது. அவனுடைய வெறுங்காலின் உள்ளங்கால்கள் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. வீங்கி, புழுதியேறி, நெடுந்தூரம் நடந்த கால்கள். படம் பீடத்துக்கு மேலே இருப்பதால், நாம் மண்டியிட்டால் நம் முகத்துக்கு எதிரே வருவது மாதாவின் முகமல்ல, அந்தக் கால்கள். படம் திறக்கப்பட்டபோது மக்களிடையே பெரும் சலசலப்பு எழுந்ததாக அக்காலத்து ஓவியர் பாலியோனே எழுதிவைத்திருக்கிறார். 1600 யூபிலி முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த சமயம். யாத்ரீகர்களுக்கு உணவும் இடமும் கொடுத்து அவர்கள் கால்களைக் கழுவிவிடுவதற்கென்றே அப்போது ரோமில் ஒரு சபை இருந்தது. பிலிப்பு நேரி 1548இல் தொடங்கியது. அந்தப் படத்தின் முன் நிற்கும்போது கூட்டம் என்ற சொல்லையே கொஞ்சம் மெதுவாகச் சொல்லத் தோன்றுகிறது. கூட்டத்தில் வந்த ஒருவனுக்காக மாதா வாசல்வரை இறங்கி வந்திருக்கிறாள்.

கொலோசியத்தின் வரிசையில் நிற்க மனமில்லாதவர்களுக்கு, நகரின் தெற்கே ஒஸ்தியென்சே சாலையில் மொந்தெமார்த்தினி என்ற பழைய மின் நிலையத்தைச் சொல்வேன். 1912இல் தொடங்கியது, பிறகு மூடப்பட்டது. 1997இல் கபிதோலினே அருங்காட்சியகத்தில் சீரமைப்பு வேலை நடந்தபோது பழைய ரோமானியச் சிற்பங்கள் பலவற்றை இங்கே கொண்டுவந்தார்கள். கரிய டீசல் இயந்திரங்கள் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்க, அவற்றுக்கு முன்னால் வெள்ளைப் பளிங்கு உடல்கள். மேலாடையைப் போர்த்திக்கொண்டு பாறையில் முழங்கை ஊன்றி யோசிக்கிற கலைத்தேவி ஒருத்தி, அழுத்தமானிகளுக்கு எதிரே. முழுச் சிலையில் தலையும் கையும் காலும் மட்டும் எஞ்சிய பிரம்மாண்டமான ஃபொர்த்தூனா. இரண்டு காலத்து மனிதர்களின் கைவேலையும் ஒரே கூடத்தில், நம்முடைய காலடியோசை கேட்கிற அளவுக்கு அமைதியில்.

கூட்டத்தைத் தவிர்ப்பதற்காகவே கட்டிய ஒன்று ஃபிளாரன்ஸில் இருக்கிறது. 1565இல் முதலாம் கோசிமோ பிரபு தன் கட்டடக் கலைஞர் வசாரியைக் கொண்டு ஐந்தே மாதத்தில் ஒரு மேல்நடைபாதை கட்டுவித்தார். ஆட்சி நடத்தும் பழைய மாளிகையிலிருந்து ஆற்றின் மறுகரையிலிருக்கும் பித்தி அரண்மனை வரை, தெருவில் கால் வைக்காமல், குடிமக்கள் நடுவே புழங்காமல் போய்வர வேண்டும். பொந்தே வெக்கியோ பாலத்தின் கடைகளுக்கு மேலாக அது போகிறது. அந்தக் காலத்தில் பாலத்தின் மேல் இறைச்சிக்கடைகள் இருந்தன; நாற்றம் தாங்காமல் அவர் மகன் ஃபெர்தினாந்தோ 1593இல் அவர்களை வெளியேற்றி, பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். சாந்தா ஃபெலிச்சித்தா ஆலயத்துக்குள்ளும் அந்தப் பாதை ஒரு மாடமாக எட்டிப் பார்க்கிறது. பிரபு குடும்பம் மேலிருந்தபடியே திருப்பலி காணும். 2024 டிசம்பரில் பாதையைச் செப்பனிட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சீட்டு வாங்கினால் நாமும் பிரபுவைப் போலக் கூட்டத்தின் தலைக்கு மேலே நடக்கலாம்.

பணத்தாலும் அதிகாரத்தாலும் கூட்டத்தைத் தவிர்ப்பது இன்றும் தொடர்கிறது. சிஸ்தீன் சிற்றாலயத்தைப் பூட்டிய பிறகு சில பேருக்கு மட்டும் திறந்து காட்டும் தனிச் சுற்றுலாக்கள் இருக்கின்றன. போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பிரபுவின் அந்த மாடத்தை விட அதன் கீழிருக்கும் தரைதான் பிடிக்கும். சாந்தா ஃபெலிச்சித்தாவின் கதவு பொந்தே வெக்கியோவிலிருந்து நூறு எட்டு வைக்கிற தூரம்தான். பாலத்தில் தோளை இடித்துக்கொண்டு நகர்கிறார்கள்; இங்கே உள்ளே போனால் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் பொந்தோர்மோ 1525இலிருந்து 1528 வரை வரைந்த ஓவியம். இறந்த இயேசுவைச் சுமந்து போகிறார்கள். படத்தில் சிலுவை இல்லை, மலையும் கல்லறையும் இல்லை. வெளுத்த ரோஜா நிறமும் வெளிர் நீலமும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழல்கின்றன. பிணத்தைத் தாங்குகிற இளைஞன் கால்விரல்களில் குந்தியிருக்கிறான். அத்தனை எடையும் அந்த விரல்களில். அவன் நம்மைப் பார்க்கிற பார்வையில், வந்து கொஞ்சம் பிடியுங்கள் என்ற கெஞ்சல் இருக்கிறது.

இந்த ஊரிலேயே சான் மார்க்கோ என்ற பழைய டொமினிக்கன் மடமும் உண்டு. உஃபிஸி ஓவியக்கூடத்தின் வரிசையைப் பார்த்து மலைத்தவர்கள் அங்கே போகலாம். மாடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அறைகள், துறவிகள் தங்கியவை. 1440களையொட்டி ஃப்ரா ஆஞ்சலிகோவும் உதவியாளர்களும் ஒவ்வோர் அறையிலும் ஒரு சுவரோவியம் வரைந்தார்கள். அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு படம். ஏழாவது அறையில் கண்ணைக் கட்டிய இயேசு அமர்ந்திருக்கிறார். அறைகிற கைகள் தெரிகின்றன, கைகளுக்கு உடையவர்கள் இல்லை. துப்புகிற ஒரு தலை தெரிகிறது, அதற்கு உடல் இல்லை. கீழே புனித சாமிநாதர் (டொமினிக்) புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார், தலை நிமிரவில்லை. அவருடைய சபைத் துறவி ஒருவர் இந்த அறையில் வருடக்கணக்கில் உறங்கி எழுந்திருப்பார். மார்கழிக் குளிரிலும் காய்ச்சலிலும் தூக்கம் வராத இரவிலும் அவருக்கு இருந்தது இந்த ஒரு படம்தான். பக்கத்து அறையின் படம் பக்கத்து அறைக்காரருக்கு.

நம்மால் அப்படி ஒரு படத்தோடு வாழ முடியாது. மூன்று மணி நேரத்தில் ஆயிரம் படம் பார்க்கவும் முடியாது. கடந்து போகத்தான் முடியும். நான் நம்புவது இடைப்பட்ட ஒன்றை. ஓர் ஊரில் ஒரு நாளைக்கு ஒரு படமோ ஒரு கட்டடமோ போதும். அதன் முன் உட்கார வேண்டும், எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்க்க வேண்டும். இப்படி வைத்துக்கொண்டால் கூட்டம் தானாகக் கரைந்துவிடுகிறது, ஏனென்றால் எந்த வழிகாட்டியின் கொடிக்குப் பின்னாலும் ஓட வேண்டியிருக்காது. பதுவாவில் ஜோத்தோவின் ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் இதையே சட்டமாக்கியிருக்கிறார்கள். 25 பேருக்கு மேல் விடுவதில்லை. ஓவியங்களுக்கு ஈரமும் தூசும் ஆகாது என்பதால் முதலில் கண்ணாடி அறை ஒன்றில் கால்மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். காற்று சமனான பிறகுதான் கதவு திறக்கிறது. 1305இல் முடித்த அந்த நீல விதானத்தின் கீழே கிடைப்பது இன்னொரு கால்மணி நேரம். காத்திருந்த கால்மணிக்கும் அதில் பங்கு உண்டு. உள்ளே நுழையும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

கூட்டம் குறைவான மாதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நவம்பர் முழுக்க, பிறகு ஜனவரி 6ஆம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததிலிருந்து வெனிஸ் கார்னிவல் தொடங்கும் வரை. பனிமூட்டம் இருக்கும், நாள் குறுகியது, நல்ல காலணி வேண்டும். வெனிஸில் கடல் ஏறுமே என்று பயப்படுகிறவர்களுக்கு, 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில்களில் மோசே தடுப்புக் கதவுகள் எழும்புகின்றன; பெரிய வெள்ளங்களை அவை நிறுத்துகின்றன. ரஷ்யக் கவிஞர் பிராட்ஸ்கி பல வருடங்கள் குளிர்காலத்தில்தான் வெனிஸுக்கு வந்தார், இப்போது அங்கேயே சான் மிக்கேலே தீவுக் கல்லறையில் இருக்கிறார். மறக்கக் கூடாத இன்னொன்று: சிறு ஆலயங்கள் பல, மதியம் பூட்டிவிட்டு மாலையில்தான் திறக்கும். அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் அன்று வேறெங்காவது இருங்கள்.

"வெனிஸுக்குப் பதில் இந்த ஊர், ஃபிளாரன்ஸுக்குப் பதில் அந்த ஊர்" என்று எழுதுகிற பட்டியல்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஃபெராரா அழகான ஊர், மாந்துவா அழகான ஊர். அவற்றுக்காகவே அங்கே போக வேண்டும். பெல்லினியின் மாதாவுக்குப் பதிலாக எதுவும் கிடையாது. மேலும், அப்படிப்பட்ட பட்டியல் வெளியான சில வருடங்களில் அந்தச் சிறிய ஊரும் மூச்சு முட்டத் தொடங்கிவிடுகிறது. பெரிய ஊராவது பல நூற்றாண்டுகளாகக் கூட்டத்தைத் தாங்கிப் பழகியது.

இதில் எனக்குள்ள உறுத்தலைச் சொல்லாமல் விட முடியாது. மஞ்சள் பலகையை விட்டு விலகி நடப்பதென்றால், ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்ச இடத்துக்குள் நுழைவது என்றும் அர்த்தம். 1951இல் வெனிஸின் பழைய நகரத்தில் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போனது. ரியால்தோவுக்கு அருகில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் இந்த எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை 2008 முதல் இருக்கிறது. எண் குறைந்துகொண்டே வருவதை ஊர்க்காரர்கள் மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறார்கள். கறிக்கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை. குடும்பம் இருந்த வீட்டில் மூன்று நாள் வாடகைக்காரர்கள். ஃபிளாரன்ஸ் நகராட்சி பழைய நகரத்துக்குள் இத்தகைய புதிய வாடகை வீடுகளுக்குத் தடை கொண்டுவந்திருக்கிறது.

எனவே, அமைதி தேடிப் போகிறவருக்குக் கடமையும் கூடுகிறது. குடியிருப்பு வீட்டை விட்டுவிட்டு விடுதியிலோ, அறை வாடகைக்குத் தரும் மடங்களிலோ தங்குவது நல்லது; ரோமிலும் வெனிஸிலும் கன்னியர் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன, நம் ஊர்க் கன்னியரைக்கூட அங்கே சந்திக்கலாம். கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்ல வேண்டும். அங்கே அது இல்லாமல் பேச்சைத் தொடங்குவது மரியாதைக் குறைவு. பாலத்துப் படிகளில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நள்ளிரவில் பெட்டியின் சக்கரத்தைக் கல்தரையில் உருட்டக் கூடாது. குறுகிய சந்தில் அந்தச் சத்தம் மூன்றாவது மாடிவரை எழுப்பிவிடும். ஒரு நாளில் நான்கு ஊர் பார்ப்பதைவிட, நான்கு நாள் ஓர் ஊரில் இருந்து ஒரே கடையில் காப்பி குடித்தால், ஊருக்கும் அதில் ஏதோ மிஞ்சும்.

பலேர்மோவைப் பற்றி எழுதாமல் முடிக்க மனமில்லை. சிசிலியின் தலைநகர், அங்கும் இப்போது பயணிகள் கூட்டம் பெருகிவிட்டது. நகருக்கு வடக்கே 600 மீட்டர் உயரத்தில் பெல்லெக்ரீனோ மலை, அதன் குகைக்குள் புனித ரோசாலியாவின் ஆலயம். 1624இல் கொள்ளைநோய் நகரைச் சூறையாடியபோது இந்த மலையில் அவளுடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை நகரத் தெருக்களில் ஊர்வலமாகக் கொண்டு சென்ற பிறகு நோய் தணிந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க மேலே தகட்டுக் கால்வாய்கள் கோணல்மாணலாகப் பொருத்தப்பட்டிருக்கும். மலை கசிந்துகொண்டே இருக்கிறது. பேருந்தில் வருகிற பயணிகள் படம் எடுத்துக்கொண்டு கால்மணியில் இறங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து நெடுநேரம் இருப்பவர்களில் நம்மவர்கள் உண்டு. எண்பதுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்து பலேர்மோவில் குடியேறிய ஈழத் தமிழர்கள். கத்தோலிக்கர்களோடு சைவர்களும் வருகிறார்கள். அந்த ஊர் அவர்களுக்குப் புதிதாக இருந்த காலத்திலேயே இந்த மலையும் குகையும் நீரும் கன்னியும் அந்நியமாகப் படவில்லை. வீட்டு வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போய் ஓய்ந்த வாரத்தின் ஒரே விடுமுறை நாளை அவளுக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்குப் படிப்பு, அண்ணனுக்கு விசா, ஊரில் அம்மாவுக்குச் சுகம் என்று கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது.

செப்டம்பர் 4 அவளுடைய திருநாள். முந்திய இரவே நகரம் மலையேறத் தொடங்கிவிடும். பழைய கல் பாவிய பாதையில், பலர் வெறுங்காலோடு, விடியும் வரை ஏறிக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் பற்றி இவ்வளவு சொன்ன நான் அடுத்து இத்தாலிக்குப் போனால் அந்த இரவுக்குத்தான் போக விரும்புகிறேன், அந்த மக்களோடு சேர்ந்து ஏறுவதற்கு. அந்த வாரத்தில் பலேர்மோவில் வெயில் இன்னும் குறைந்திருக்காது. அறை கிடைப்பதும் சிரமம் என்பதால் ஜூன் மாதத்திலேயே பதிந்துவிட வேண்டும்.